டி.டபிள்யூ. என்று எழுதிய கேன்

ஆகஸ்ட் மாதம், எம்.எஸ்சி. முதலாண்டு செய்முறை வகுப்பு. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சரியாக வந்தால் சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளணுக்களின் உட்கரு ஊதாவாகவும் இருக்கும். அன்று 24 ஸ்லைடுகளில் ஒன்றில்கூட இளஞ்சிவப்பு இல்லை. சிவப்பணு எல்லாம் சாம்பல் கலந்த நீலம். "மேடம், நம்ம ஊர்ல ரத்தமே நீலமா?" என்று பென்னாகரத்துப் பையன் ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. சாயம் பழசு என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன்.

சாயம் பழசு இல்லை. அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தையும், அதற்கு முந்தைய மூன்று மாதங்களையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். நடந்தது தருமபுரியில், நான் அப்போது வேலை பார்த்த உயிரியல் துறையில். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் வேறு ஊர்க்காரர்களும் தங்கள் லேபைப் பற்றி எழுதியிருப்பதாக நினைத்துப் படிப்பார்கள்.

எங்களிடம் என்னென்ன இருந்தது

பார்வைக் குழு வந்தால் வரிசையாகக் காட்டுவோம். பிசிஆர் மெஷின், ஜெல் டாக், மைனஸ் 20 டீப் ஃப்ரீசர், குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜ், யுவி ஸ்பெக்ட்ரோ, இரண்டு லேமினார், திசு வளர்ப்பு அறை, ஹெர்பேரியம். அப்புறம் மியூசியம். ஃபார்மலின் ஜாடிகளில் தவளையும் ஓணானும் பல்லாண்டுகளாக வெளுத்துக்கொண்டே இருக்கின்றன. 2011இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கு அறுப்பைப் படிப்படியாக நிறுத்தச் சொன்ன பிறகு, அந்த ஜாடிகளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. உடைந்தால் வேறு வராது.

ஒவ்வொரு கருவிக்கும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் உண்டு. வாங்கிய தேதி, விலை, பில் எண், பொறுப்பாளர் கையெழுத்து. குழுவினர் அதைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்த ரெஜிஸ்டரில் இல்லாத ஒரே பொருள் தண்ணீர். இத்தனைக்கும் அந்த அறைகளில் நடக்கும் எந்த வேலையும் தண்ணீர் இல்லாமல் தொடங்காது. சாயம், பஃபர், வளர்ப்பு ஊடகம், கடைசியாக அலசுவது வரைக்கும் எல்லாமே அதுதான்.

அந்தத் தண்ணீரைத் தந்தது சிங்க்குக்குப் பின்னால், சுவரில் மாட்டிய ஒரு ஸ்டீல் டிஸ்டில்லேஷன் யூனிட். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, உப்பில்லாத வடிநீராகத் தரும். 3 கிலோவாட் ஹீட்டர், மணிக்கு 4 லிட்டர். ஒரு லிட்டருக்கு முக்கால் யூனிட் அளவுக்குக் கரண்ட் பிடிக்கும். கரண்ட்டை விடப் பெரிய செலவு, ஆவியைக் குளிரவைக்க ஓடும் தண்ணீர். ஒரு லிட்டர் வடிந்து விழ, 10 முதல் 15 லிட்டர் வரை சூடாகி சாக்கடைக்குப் போகும்.

அந்த யூனிட்டுக்குள் போவது என்ன தண்ணீர் என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறைக்குள் இறங்கிய போர்வெல். இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, சட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பிடிக்கும். கூடவே ஃப்ளோரைடு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது. இந்த மாவட்டத்தில் பல கிராமங்களின் கிணறும் போர்வெல்லும் அதைத் தாண்டியவை. அதனால்தான் ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். என் வகுப்பிலேயே இந்த ஃப்ளோரைடால் முன்பல்லில் காவிக்கறை உள்ள பிள்ளைகள் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள்.

எங்கள் வளாகத்தில் குடிப்பதற்குக் கீழ்த்தளத்தில் ஒரு ஆர்ஓ பிளான்ட் வைத்திருந்தார்கள். அது இந்தக் கதையில் பிறகு வரும்.

மே மாதத்தில் தொடங்கியது

கோடையில் போர்வெல் இறங்கியது. வளாகத்துக்கு லாரித் தண்ணீர் வந்தது. லேப் பக்கம் போகும் லைனைக் காலை 11 மணிக்கு மேல் அடைத்துவிடுவது என்று முடிவானது. யாரோ ஒருநாள் டிஸ்டில்லேஷன் யூனிட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எங்கள் யூனிட்டில் குளிரவைத்த தண்ணீரே பாதி சூடாகித் திரும்பி வந்து பாய்லரை நிரப்பும். குழாய் நின்றால் இரண்டுமே நிற்கும். பாய்லர் வற்றியது, ஏற்கெனவே அரை விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு பிடித்திருந்த ஹீட்டர் எரிந்துபோனது. தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும் சுவிட்ச் அதில் இல்லை.

ஹீட்டர் விலை சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஃபைல் என்று ஒன்று உண்டே. மூன்று கொட்டேஷன் வேண்டும். இரண்டுதான் வந்தது. மூன்றாவது வந்தபோது முதலாவதின் தேதி காலாவதி. பர்ச்சேஸ் கமிட்டி ஜூலையில் கூடியது, அஜெண்டாவில் எங்கள் ஹீட்டர் கடைசி. நேரம் போதவில்லை.

இடையில் ஜூன் மாதம், இருபத்தெட்டு வருடம் அந்த லேபைப் பார்த்துக்கொண்ட ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். சாவிக்கொத்தை வாங்கினோம். எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அவர் தலைக்குள் இருந்தது அவரோடு பாலக்கோட்டுக்குப் போய்விட்டது. பணியிடம் காலி. தொகுப்பூதியத்தில் ஒரு தம்பியைப் போட்டார்கள். பிளஸ் டூ படித்தவர், சுறுசுறுப்பு, ஒரு நாள்கூட லீவ் போடாதவர்.

முதல் சில வாரம் பேருந்து நிலையத்துக்கு அருகே பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிச் சமாளித்தோம். என் பணம், இன்னொரு ஆசிரியர் பணம். பிறகு யாரும் வாங்கியதாக நினைவில்லை. ஆனாலும் லேபில் இருந்த 20 லிட்டர் கேன் எப்போதும் நிறைந்தே இருந்தது. அது எங்கிருந்து நிறைகிறது என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்தோம்

ரத்த ஸ்லைடு நீலமானபோது நான் சாயத்தைச் சந்தேகப்பட்டேன். புதுப் பவுடர் வாங்கினோம். அதே நீலம். மெத்தனாலில் ஈரம் ஏறிவிட்டது என்று அதையும் மாற்றினோம். அப்புறம் மாணவர்கள் தடிமனாக இழுக்கிறார்கள் என்று அவர்களைத் திட்டினேன். அதற்காக இப்போதும் வருத்தம் உண்டு.

அடுத்த அறையில் ஓர் ஆராய்ச்சி மாணவி. சித்தேரி மலைப் பக்கத்துச் சாமை ரகங்களை எடுத்து, விதையிலிருந்து காலஸ் என்ற உருவமற்ற திசுக்கட்டியை வளர்க்கும் வேலை. முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட எம்எஸ் ஊடகம்தான், அதாவது தாவரத் திசுவை வளர்க்கும் சத்துக் கரைசல்தான், அவளுக்கும் அடிப்படை. ஜூலை முதல் அவளுக்கு ஊடகம் கலங்கியது. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்து எடுத்தால் ஃபிளாஸ்க்கின் அடியில் வெள்ளைப் பொடி. அவள் அகார் பிராண்டைக் குறை சொன்னாள். மாற்றினாள். பொடி போகவில்லை. மூன்று தொகுதி கல்ச்சர் பழுப்பேறிக் குப்பைக்குப் போனது.

மூன்றாவது, ஆட்டோகிளேவ். முன்பு 40 நிமிடத்தில் பிரஷர் ஏறும். இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல். இதற்கும் கேனுக்கும் சம்பந்தமில்லை, அதில் என்றுமே போர்வெல் தண்ணீர்தான் ஊற்றினோம். ஆனால் அந்த நாட்களில் எல்லாக் கோளாறையும் ஒரே மூட்டையாகக் கட்டி "லேபே சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மூட்டையைப் பிரிக்கவே நேரம் பிடித்தது.

பிரிந்தது டீ குடிக்கும்போது. அந்த மாணவி சொன்னாள்: "மேடம், ஒண்ணு மட்டும் புரியல. பிஹெச் 5.8க்குக் கொண்டுவர எப்பவும் என்ஏஓஹெச் சொட்டு விடுவேன். இப்ப ரெண்டு மாசமா ஹெச்சிஎல் விட வேண்டியிருக்கு."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். நல்ல தண்ணீரில் கரைத்த எம்எஸ் ஊடகம் கொஞ்சம் புளிப்பாகத்தான் இருக்கும். என்ஏஓஹெச் என்ற காரம் சேர்த்து மேலே ஏற்ற வேண்டும். அது தலைகீழாக ஹெச்சிஎல் என்ற அமிலம் கேட்கிறது என்றால், உள்ளே ஏற்கெனவே காரத்தன்மை இருக்கிறது. பைகார்பனேட். அதாவது போர்வெல்லின் வாசனை. நீல ரத்தத்துக்கும் அதே காரணம் பொருந்தும். ஈயோசின் என்ற சிவப்புச் சாயம் ஹீமோகுளோபினைப் பிடிக்க 6.8 அருகே பிஹெச் வேண்டும். கரைசல் காரமானால் ஈயோசின் பிடி விடும், நீலச் சாயம் முந்திக்கொள்ளும். இரண்டு அறையிலும் பொதுவாக இருந்தது அந்த ஒரே கேன்.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஜூலை இரண்டாம் வாரத்திலேயே பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "ஹெச்சிஎல் நிறைய பிடிக்குது, ஏன்?" முதல் சாட்சி அதுதான். அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்தும் இருந்தது, பார்த்துச் சரி என்று.

இரண்டு சோதனைக் குழாய்

வேதியியல் துறையில் போய் இரண்டு புட்டி வாங்கி வந்தோம். கேன் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. சுத்தமான வாலை வடிநீரில், அதாவது டிஸ்டில்டு வாட்டரில், ஒன்றும் நடக்காது. இங்கே சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்தது. குளோரைடு. அடுத்த குழாயில் அம்மோனியா பஃபரும் எரியோக்ரோம் பிளாக் டி நிறங்காட்டியும். கால்சியம், மக்னீசியம் இல்லாவிட்டால் நீலம், இருந்தால் சிவப்பு. பளிச்சென்று சிவப்பு. சிவப்பு வேண்டிய இடத்தில் நீலமும் நீலம் வேண்டிய இடத்தில் சிவப்புமாக அந்தத் தண்ணீர் எங்களை நன்றாகவே ஆட்டிவைத்தது.

அலமாரியின் பின்னால், பழைய உதவியாளர் சீல் வைத்து வைத்திருந்த ஒரு புட்டி வடிநீர் கிடைத்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று சில நூறு ரூபாய்க்கு வாங்கி, அந்தப் புட்டி, கேன், போர்வெல் மூன்றையும் அளந்தோம். பழைய புட்டி 3. கேன் 186. போர்வெல் 1,340. நடுவில் நிற்கிற அந்த 186 எங்கிருந்து வந்தது? போர்வெல்லை நேரே பிடித்திருந்தால் ஆயிரத்துக்கு மேல் காட்ட வேண்டும்.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பயப்படவே இல்லை, காரணம் அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை.

"கீழ மெஷின்ல இருந்துதான் மேடம் புடிச்சி ரொப்புறேன். கேன்ல டி.டபிள்யூ.ன்னு எழுதியிருக்கு. மெஷின்லயும் டி.டபிள்யூ.ன்னுதான எழுதியிருக்கு?"

கீழே போய்ப் பார்த்தேன். ஆர்ஓ பிளான்ட்டின் குழாய்க்கு மேலே, பிளம்பர் பெயிண்ட்டில் எழுதியிருந்தார்: டி.டபிள்யூ. டிரிங்கிங் வாட்டர். பக்கத்துக் குழாயில் வேறு இரண்டெழுத்து, தோட்டத்துக்கு. எங்கள் கேனில் அதே எழுத்துகள், டிஸ்டில்டு வாட்டர். பத்து வருடமாக இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கின்றன. பழைய உதவியாளருக்கு எது எது என்று தெரியும் என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. ஆர்ஓ தண்ணீரையும் அப்படியே தர மாட்டார்கள், சப்பென்று இருக்கும் என்று கொஞ்சம் போர்வெல் கலக்கும் வால்வு உண்டு. அந்தக் கலப்புதான் 186.

குடிக்க அருமையான தண்ணீர் அது. லேபுக்கு ஆகாது. ஆய்வகத் தண்ணீருக்கென ஐஎஸ்ஓ 3696 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. தண்ணீரில் உப்பு கூடினால் மின்கடத்தலும் கூடும். அதில் கடைசியான மூன்றாம் தரத்துக்கே மின்கடத்தல் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். எங்கள் கேன் தண்ணீரின் கடத்தல் முந்நூறுக்கு அருகே இருந்திருக்கும்.

எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போடவும் மனம் வரவில்லை. நீல ஸ்லைடுக்கு அது முழுக் காரணம். பழைய புட்டியில் மிச்சமிருந்ததை வைத்து அன்றே ஒரு ஸ்லைடு போட்டோம், இளஞ்சிவப்பு வந்தது. ஊடகத்தின் வெள்ளைப் பொடிக்கும் அதுவே காரணம். எம்எஸ் உப்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே உண்டு. தண்ணீரிலிருந்து இன்னும் கொஞ்சம் கால்சியம் சேர்ந்து, பைகார்பனேட் சூட்டில் பிஹெச்சை ஏற்றிவிட்டால் கால்சியம் பாஸ்பேட் படியும். ஆனால் காலஸ் பழுப்பேறியதற்கு? தண்ணீரை மாற்றிய பிறகு நான்காவது தொகுதி தெளிவாக வந்தது, பொடி இல்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்கு பூஞ்சை பிடித்துப் போனது. மலைச்சாமை விதையின் உமியில் ஒட்டியிருக்கும் பூஞ்சையைக் கொல்வது தனி வித்தை. அதைத் தண்ணீர்க் கணக்கில் எழுத முடியாது என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. லீஷ்மன் சாயத்தை, பிஹெச்சை 6.8இல் நிலையாக வைக்கும் பஃபர் கரைசலில் நீர்க்கச் செய்ய வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. நாங்கள் வெறும் வடிநீரை ஊற்றிப் பழகியிருந்தோம், அது லேசாகப் புளிப்பு என்பதால் வேலை நடந்தது. பஃபர் போட்டிருந்தால் அந்தக் கேன் தண்ணீர்கூட இவ்வளவு காட்டிக்கொடுத்திருக்காது. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மெமோ

விஷயம் வெளியே தெரிந்ததும் தம்பிக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. கடிதம் தட்டச்சுகூட ஆகிவிட்டது. அலட்சியம் என்று ஒரு வார்த்தை இருந்தது அதில். நான் துறைத் தலைவரிடம் போய், அப்படியானால் மெமோ ஒன்பது பேருக்குக் கொடுக்க வேண்டும், கேனில் சுருக்கெழுத்து எழுதியவர் தொடங்கி ஹீட்டர் ஃபைலைக் கடைசியில் வைத்தவர் வரை, நடுவில் நானும் உண்டு என்றேன். கடிதம் மேசை இழுப்பறைக்குள் போனது. கிழித்தாரா என்று தெரியாது.

இதில் என் அபிப்பிராயம் இதுதான். கருவி வாங்கப் பணம் கிடைப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் கிடைக்கிறது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்ட ஒரு பொருள் இருக்கிறதே. ஹீட்டருக்கும் ஃபில்டருக்கும் ஓர் உதவியாளரின் சம்பளத்துக்கும் ரிப்பன் கட்ட முடியாது. லட்சக்கணக்கில் பிசிஆர் வாங்கிய துறை, தண்ணீரை யார் பார்ப்பது என்று ஒரு பெயரை எழுதி வைக்கவில்லை.

என்ன மாற்றினோம்

முதலில் எழுத்தை. கேனில் தமிழில், கையகல எழுத்தில்: "காய்ச்சி வடித்த நீர். குடிக்காதீர்." எங்கள் தம்பி பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், "வாலை வடிநீர்னு போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் மேடம்" என்றார். அதையும் அடைப்புக்குள் எழுதினோம். மூடி சிவப்பு.

அப்புறம் ஹீட்டர். ஃபைலுக்குக் காத்திருக்காமல் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கினோம். கூடவே தண்ணீர் குறைந்தால் கரண்டைத் துண்டிக்கும் மிதவை சுவிட்ச். பாய்லரைப் பிரித்தபோது உள்ளே சுண்ணாம்பு ஓடு ஓடாகப் பெயர்ந்தது. சிட்ரிக் அமிலம் வாங்கி வரச் சொன்னேன். தம்பி ஒரு உருண்டை பழம்புளியோடு வந்து நின்றார். அவர் வீட்டில் இட்லிக் குண்டானுக்கு அதுதானாம். புளியமரம் இவ்வளவு இருக்கிற மாவட்டத்தில் இது எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம்தான். புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டோம். டார்டாரிக் அமிலம் நுரைத்து நுரைத்துக் கரைத்தது. முழுசாகப் போகவில்லை, மிச்சத்துக்குச் சிட்ரிக் அமிலம்தான். லேப் முழுக்க அன்றைக்கு ரசம் வாசனை.

பாய்லருக்குப் போர்வெல்லை ஊற்றுவதையும் நிறுத்தினோம். கருவி அறை ஏசியிலிருந்து நாளெல்லாம் சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் உப்பே கிடையாது. தூசும் கிருமியும் இருக்கும், கொதிக்கப் போகிற தண்ணீருக்கு அது பொருட்டில்லை. மழை பெய்தால் மொட்டை மாடி. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசையாக இருக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டியில் பிடிக்கிறோம். குளிரவைத்த தண்ணீர் இப்போது சாக்கடைக்குப் போவதில்லை, ஒரு சின்ன மோட்டார் அதைப் பெரணிச் செடிகள் வளர்க்கும் இடத்துக்குத் தள்ளுகிறது. ஆட்டோகிளேவுக்கு ஆர்ஓ தண்ணீர்.

தினமும் காலையில் தம்பி டிடிஎஸ் பேனாவை முக்கி, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியும் எண்ணும் எழுதுகிறார். 5க்கு மேல் போனால் கேன் மூடியைத் திறக்கக் கூடாது. எம்.எஸ்சி. முதலாண்டுக்கு இந்த விவகாரத்தையே ஒரு செய்முறையாக வைத்தோம்: அவரவர் ஊர்த் தண்ணீரைப் புட்டியில் கொண்டு வந்து, கடினத்தன்மையை இடிடிஏ தரம்பார்த்தலில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை அளப்பது) கண்டுபிடிப்பது. ஃப்ளோரைடை மட்டும் எங்களால் அளக்க முடியவில்லை, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னோம். முடிவு வந்த அன்று, கையால் வாயை மறைக்கும் ஒரு பெண் தன் தெருவின் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

ஆய்வக உதவியாளர் பணியிடம் நான் மாறுதலில் வரும்வரை காலியாகத்தான் இருந்தது. தம்பிக்குத் தொகுப்பூதியம் நீட்டிக்கப்படுமா என்று ஒவ்வொரு மார்ச்சிலும் அவரும் நானும் கவலைப்படுவோம்.

ஹீட்டர் ஃபைல் டிசம்பரில் பாஸானது. அரசுப் பணத்தில் வந்த அந்த ஹீட்டர் அட்டைப்பெட்டியிலேயே அலமாரியில் இருக்கிறது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் தனிப் பக்கத்துடன். அடுத்த வருட ஆடிட்டில் வந்தவர் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து டிக் அடித்தார். பிறகு மேசையில் கிடந்த டிடிஎஸ் பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்தப் பக்கத்துல ஏறியிருக்கு மேடம்?" என்றார். எதிலும் ஏறவில்லை, என்னுடையது என்றேன். "அப்ப சொந்தப் பொருளை லேபுல வைக்காதீங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அவர் கார் வாசலைத் தாண்டியதும் தம்பி அதை வாங்கிக்கொண்டு போய், அன்றைய எண்ணை நோட்டில் எழுதினார். 4.